இவர் என்னோடு ஊர் பார்க்க வந்த நாள்

ஹனோவர் நகரத்தின் நடுவில், நடைபாதையில் ஒரு சிவப்புக் கோடு கீறியிருக்கிறது. ரெயில்வே ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் தொடங்கி, கடைத்தெருவைத் தாண்டி, பழைய தேவாலயங்கள், நகரசபை மண்டபம், ஆற்றங்கரை அரண்மனை என்று பார்க்கவேண்டிய இடங்களை எல்லாம் தொட்டுக்கொண்டு சுற்றிவந்து ஸ்ரேசன் வாசலிலேயே முடியும். வெளியூர்க்காரர் வழி கேட்டு அலையாமல் இருப்பதற்காகக் கீறிவைத்தது. அதன்மேல் நடந்துகொண்டிருந்தால் போதும், ஒருவரோடும் பேசத் தேவையில்லை. பாஷை தெரியாத எனக்கு அது பெரிய உபகாரமாக இருந்தது.

நாங்கள் அந்த நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தது எண்பத்தாறாம் ஆண்டு கோடையில். கிழக்கு பெர்லினில் விமானத்தால் இறங்கி, ரெயிலேறி மேற்குக்கு வந்து, அகதி என்று பதிந்த பிறகு எங்களை ஹனோவருக்கு அனுப்பினார்கள். நகரத்தின் விளிம்பில், ஒருகாலம் தொழிலாளர் விடுதியாக இருந்த மூன்று மாடிக் கட்டடம். ஹைம் என்று சொல்லுவோம். எங்களுக்குத் தந்த அறையில் இன்னொரு குடும்பமும் இருந்தது. வடமராட்சிப் பக்கத்து ஆட்கள், கைக்குழந்தையோடு. நடுவில் இரும்பு அலுமாரியை நிறுத்தி, மிச்ச இடைவெளிக்குச் சேலை கட்டி மறைத்திருந்தோம். நல்ல சனம். ஆனாலும் அந்தப் பக்கம் குழந்தை விக்கினால் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஒரு வார்த்தை மனம்விட்டுப் பேசுவதற்கு அந்த அறையில் இடமில்லை.

இவர் ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் இயந்திரங்கள் பார்த்தவர். சும்மா இருந்து பழக்கமில்லாத மனிதர். இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை, நகர எல்லையைத் தாண்டிப் போகவும் அனுமதி இல்லை. காலையில் எழும்பி, சவரம் செய்து, தோய்த்து மடித்த சேர்ட் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவர் மாதிரி ஆயத்தமாகி, பிறகு கட்டில் விளிம்பில் இருப்பார். நான் வெளியே கூப்பிட்டால் வரமாட்டார்.

"நாங்கள் என்ன சுற்றுலாவோ வந்தனாங்கள்?" என்று ஒருநாள் கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. வெட்கத்தில் கேட்டார். வேலை நாளில் பகல் வேளையில் கைவீசிக்கொண்டு தெருவில் நடப்பது அவருக்கு உடம்பெல்லாம் கூசுகிற காரியமாக இருந்தது.

அதனால் நான் தனியாகப் போனேன். நான் போகத் தொடங்கியதற்கு என் அக்காதான் காரணம்.

அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். கணவர், அதாவது எங்கள் அத்தான், இரண்டு பெண்பிள்ளைகள் என்று யாழ்ப்பாணத்தில் குடும்பம், தபாற்கந்தோரில் வேலை. கவுண்டருக்குப் பின்னால் இருந்து உலகம் முழுவதும் இருந்து வருகிற கடிதங்களில் முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து, எந்த நாட்டில் என்ன பாலம் இருக்கிறது, எந்த ஊரில் என்ன கோபுரம் இருக்கிறது என்று சொல்லுவாள். ஆனால் அவள் போனதென்னவோ கொழும்பு வரைக்கும்தான், அதுவும் என்னை வழியனுப்ப. நான் வந்து சேர்ந்தேன் என்று போட்ட கடிதத்துக்கு அவள் எழுதிய பதிலில், சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்றெல்லாம் கேட்கவில்லை. உன்னுடைய ஊரில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது, ஒவ்வொன்றாகப் பார்த்து எழுது, நான் இங்கே இருந்து பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

அப்படித்தான் அந்தக் கோட்டில் நடக்கத் தொடங்கினேன். ஒரு நாளைக்கு ஒரு இடம். திரும்பி வந்து நீலநிற விமானத்தபால் தாளில் பொடி எழுத்தில் எழுதுவேன். ஸ்ரேசன் வாசலில் ஒரு ராசா குதிரைமேல் இருக்கிற சிலை. அந்த ஊர்ச் சனம் ஒருவரை ஒருவர் சந்திப்பதற்கு இடம் குறிக்கும்போது 'வாலுக்குக் கீழே நில்' என்றுதான் சொல்லுமாம், அதாவது குதிரையின் வாலுக்கு. இதை எழுதியபோது அக்கா அதைக் கந்தோரில் உரத்து வாசித்தாளாம். அவ்வளவு பெரிய ராசா மேலே இருக்க இவர்கள் ஏன் வாலைப் பிடித்தார்கள் என்று தபாலதிபர் கேட்டுச் சிரித்து, புரைக்கேறி, தண்ணீர் குடிக்கவேண்டி வந்ததாம். கூரையில்லாத தேவாலயம் ஒன்றைப் பற்றி எழுதினேன். யுத்தத்தில் குண்டு விழுந்து எரிந்ததைத் திருத்தாமல், இறந்தவர்களின் நினைவாக அப்படியே விட்டிருக்கிறார்கள். சுவர்கள் நிற்கின்றன, ஜன்னல்களில் கண்ணாடி இல்லை, உள்ளே நின்று நிமிர்ந்தால் ஆகாயம்.

நகரசபை மண்டபத்தைப் பற்றி எழுதியபோதுதான் அவளிடமிருந்து மிக நீண்ட பதில் வந்தது. அங்கே கீழ்த்தளத்தில் அந்த நகரத்தையே சிறிதாகச் செய்து நான்கு பெரிய மேசைகளில் வைத்திருக்கிறார்கள். முதலாவது, முந்நூறு வருஷத்துக்கு முந்திய ஹனோவர், மதிலுக்குள்ளே. இரண்டாவது, யுத்தத்துக்கு முன்பு. மூன்றாவது, யுத்தம் முடிந்தபோது: வீடுகளுக்குக் கூரை இல்லை, வெறும் சுவர்ப் பெட்டிகள், சாம்பல் நிறம். நான்காவது, இன்றைய நகரம். அக்கா கேட்டிருந்தாள்: அந்த மூன்றாவது மேசையில் ஆட்கள் எங்கே இருந்தார்கள்? எங்கே படுத்தார்கள், எங்கே சமைத்தார்கள் என்று விசாரித்து எழுது. மண்டபத்தின் கோபுரத்தில் ஏறினாயா, அங்கிருந்து என்ன தெரிகிறது என்றும் கேட்டிருந்தாள். கோபுரத்துக்குப் போகிற லிப்ட் நேராக ஏறாமல் குவிமாடத்தின் வளைவோடு சரிந்து சரிந்து ஏறும் என்று நான்தான் ஆசைகாட்டி எழுதியிருந்தேன். ரிக்கற் எடுக்கவேண்டும் என்பதால் ஏறாமல் விட்டிருந்தேன். குளிர்காலம் வந்து லிப்டையும் நிறுத்திவிட்டார்கள்.

எண்பத்தேழாம் ஆண்டு பிறந்து குளிர் குறைந்த நேரத்தில் அக்காவின் கடிதங்கள் நின்றன. எனக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஊரில் சண்டை கடுமையாகும்போதெல்லாம் தபால் தடைப்படும், பிறகு மூன்று நான்கு ஒன்றாக வந்து விழும். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்து ஆமி பட்டணத்துக்கு ஷெல் அடிக்கிறது என்று கேள்விப்பட்டுக்கொண்டுதான் இருந்தோம். அக்காவின் வீடு தள்ளி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். கந்தோர் எங்கே இருக்கிறது என்பதை நினைக்கமாட்டேன்.

வசந்த காலத்தில் ஒரு காலை, நான் பாத்திரம் கழுவிவிட்டு அறைக்கு வந்தபோது இவர் சப்பாத்துப் போட்டுக்கொண்டு நின்றார்.

"இஞ்சரும், வெளிக்கிடும். உம்மட சிவப்புக் கோட்டை எனக்கும் ஒருக்காக் காட்டும்" என்றார்.

எனக்கு நம்ப முடியவில்லை. இரண்டு நாளாக இவர் சரியாகச் சாப்பிடாமல், கேட்டதற்குப் பதில் சொல்லாமல் இருந்தார். அகதி வழக்கைப் பற்றிய யோசனை என்று நினைத்திருந்தேன். அது தெளிந்துவிட்டது, மனம் மாறி வெளியே வரப்போகிறார் என்று எனக்குச் சந்தோஷம். கல்யாணத்துக்குப் பிறகு கட்டாமல் பெட்டியில் வைத்திருந்த கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்துக் கட்டி, அதற்கு மேல் கோட் போட்டுக்கொண்டேன். அலுமாரிக்கு அந்தப் பக்கத்துப் பெண் பார்த்துவிட்டு, எங்கே அக்கா கலியாண வீட்டுக்கோ என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கேட்கவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மற்றப்பக்கம் திரும்பிவிட்டாள். அதையும் நான் கவனிக்கவில்லை என்றுதான் சொல்லவேண்டும்.

ட்ராமில் போய் ஸ்ரேசனில் இறங்கினோம். அந்த நாள் முழுக்க நான்தான் பேசினேன். இது இன்னது, இது இன்ன காலத்தது என்று, எனக்கு விளங்கியதும் விளங்காததுமாகச் சேர்த்துச் சொல்லிக்கொண்டு முன்னால் நடந்தேன். இவர் பின்னால் வந்தார். சிவப்புக் கோடு அகலம் குறைந்தது, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடந்தால் ஒருவர் கோட்டுக்கு வெளியே போகவேண்டும். சிறிது நேரத்தில் இவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நடந்தார். வெளித்தெருவில் இவர் என் கையைப் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஊரிலே என்றால் நானே உதறியிருப்பேன்.

நாடக அரங்கைப் பார்த்தோம். கூரையில்லாத தேவாலயத்துக்குள் போனோம். அங்கே கல்லிலே செய்த ஒரு உருவம் முழங்காலில் இருக்கிறது. அதன் முன்னால் இவர் வெகுநேரம் நின்றார். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வந்தார். அந்த நேரம் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் உள்ளே வந்தது. பேசாமல் விட்டுவிட்டார்.

நகரசபை மண்டபத்தில் நான்கு மேசைகளையும் சுற்றிக் காட்டினேன். மூன்றாவது மேசைக்கு முன்னால் அக்கா கேட்ட கேள்வியைச் சொன்னேன். "அக்கா கேக்கிறா, இதுக்குள்ளை சனம் எங்கை இருந்ததாம் எண்டு. ஆரைக் கேக்கிறது? உங்களுக்கு ஏதும் விளங்குதோ?" என்றேன். இவர் குனிந்து அந்தக் கூரையில்லாத சாம்பல் வீடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடித் தடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நிலவறையளுக்குள்ளை இருந்திருப்பினம்" என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னது சரியாகத்தான் இருக்கும், இதை அக்காவுக்கு எழுதலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு நான் கேட்காமலே இவர் போய் லிப்டுக்கு இரண்டு ரிக்கற் எடுத்து வந்தார்.

அந்த லிப்ட் மிகச் சிறியது. எங்களோடு வயதான ஒரு கணவனும் மனைவியும் ஏறினார்கள். ஏற ஏற லிப்ட் சரியத் தொடங்கியது. நான் சறுக்கி இவர்மேல் சாய்ந்தேன், அந்தக் கிழவி தன் கணவர்மேல் சாய்ந்தாள். நானும் அவளும் ஒருவரை ஒருவர் பார்த்து வாய்விட்டுச் சிரித்தோம். ஜேர்மனிக்கு வந்த பிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான். மேலே போனால் காற்று பிய்த்துக்கொண்டு போனது. சேலைத் தலைப்பைக் கோட்டுக்குள் திணித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தேன். ஒரு பக்கம் பெரிய ஏரி, அதில் வெள்ளைப் பாய்மரப் படகுகள். கீழே சிவப்பு ஓட்டுக் கூரைகள், தேவாலயக் கோபுரங்கள், கூரையில்லாத தேவாலயம் ஒரு திறந்த பெட்டி மாதிரி. தூரத்தில் நீலமாக மலை தெரிகிறது என்று அந்தக் கிழவர் கையைக் காட்டினார். எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் தெரிகிறது என்று தலையாட்டினேன்.

"இதெல்லாத்தையும் இண்டைக்கே அக்காவுக்கு எழுதவேணும். ஒண்டும் மறக்கக்கூடாது. நீங்களும் பாத்து வையுங்கோ" என்றேன்.

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்ன என்று கேட்டேன். காற்றுக்குக் கண்ணில் தூசி விழுந்துவிட்டது என்றார். நான் சேலைத் தலைப்பைச் சுருட்டி, வாயால் ஊதிச் சூடாக்கி, அவர் கண்ணில் ஒற்றி ஒற்றி எடுத்தேன்.

இறங்கி ஆற்றங்கரை வழியாக நடந்து, பழைய தெருக்களுக்குள் புகுந்து, சிவப்புக் கல்லால் கட்டிய பெரிய தேவாலயத்துக்கு வந்தோம். அங்கே சுவரில் பழைய கல்லறைக் கற்கள் பதித்திருக்கிறார்கள். அவற்றைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய கதை ஞாபகம் வந்து இவருக்குச் சொன்னேன். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பள்ளிக்கூடத்தில் யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். எனக்குக் கூகைக்கட்டு, கன்னம் வீங்கிக் காய்ச்சல், போக முடியவில்லை. அழுதுகொண்டே கிடந்தேன். காய்ச்சல் மாறின பிறகு அக்கா தன்னுடைய சைக்கிளில் என்னை ஏற்றிக்கொண்டு தனியாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். அகழியைக் காட்டினாள். வாசலைக் காட்டினாள். உள்ளே ஒல்லாந்தர் கட்டிய தேவாலயத்தில் நிலம் முழுக்கக் கல்லறைக் கற்கள், மேலே எழுத்துகள். நான் ஒரு கல்லில் இருந்து மற்றக் கல்லுக்குப் பாய்ந்து விளையாடத் தொடங்க, அக்கா பிடித்து நிறுத்தி, "ஆக்களுக்கு மேல நிக்கிறாய், செருப்பைக் கழட்டு" என்றாள். தன்னுடையதையும் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டாள். இரண்டு பேரும் வெறுங்காலோடு அந்தக் குளிர்ந்த கல்லில் நடந்தோம். அங்கே யார் யார் கிடக்கிறார்கள் என்று அவள் எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டு வந்தாள், கடைசிவரைக்கும் ஒன்றும் விளங்கவில்லை.

இதைச் சிரித்துச் சிரித்துத்தான் சொன்னேன். இவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, போவோம் என்றார்.

ஸ்ரேசன் வாசலில், சிலைக்குப் பக்கத்தில் இருந்த படியில் இருக்கச் சொன்னார். எனக்கு நடந்த களை. இருந்தேன். எங்களைச் சுற்றிப் பூங்கொத்தோடும் பெட்டியோடும் யார் யாரோ யார் யாருக்காகவோ காத்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் ஒண்டு சொல்லவேணும்" என்றார்.

"சொல்லுங்கோவன்."

"அக்கா இல்லை."

எனக்கு உண்மையாகவே விளங்கவில்லை. ஹைமில் நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிற பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்களில் யாரையோ வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"எந்த அக்கா?"

"உம்மட அக்கா."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மத்தியானம் கந்தோரால் வெளிக்கிட்டு வீட்டுக்கு வந்துகொண்டிருந்தபோது தெருவில் ஷெல் விழுந்திருக்கிறது. அந்த இடத்திலேயே. அத்தானின் தம்பி ஸ்ருட்கார்ட்டில் இருக்கிறார், அவருக்குச் செய்தி வந்து, அவர் ஹைமுக்குப் போன் எடுத்திருக்கிறார். செய்தி இங்கே வந்து சேர முன்பே அங்கே எல்லாம் செய்து முடித்துவிட்டார்கள்.

நான் அழவில்லை. ஒரு விஷயம்தான் கேட்கவேண்டும் போல இருந்தது.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முந்தநாள்."

"அப்ப கோபுரத்தில நிக்கேக்கையும் தெரியுமோ?"

"ஓம்."

"நான் கோட்டைக் கதை சொல்லேக்கை?"

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

அதற்குப் பிறகு ட்ராமில் ஏறியதோ ஹைமுக்கு நடந்ததோ எனக்கு நினைவில்லை. அறைக்குள் போனதும் அலுமாரிக்கு அந்தப் பக்கத்துப் பெண் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவளுக்கு நேற்றே தெரியும். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. எங்கள் ஊரில் செத்தவீட்டில் பெண்கள் எப்படி அழுவார்களோ அப்படி, பெயர் சொல்லி, அவள் செய்ததெல்லாம் சொல்லி, ஒப்புச் சொல்லித்தான் எனக்கு அழத் தெரியும். நாலு வார்த்தைகூடச் சொல்லியிருக்கமாட்டேன். குழந்தை திடுக்கிட்டு வீரிட்டது. நடையில் கதவுகள் திறந்தன. கானா நாட்டுக்காரர், ஈரானியத் தாய், எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். கட்டடத்தைப் பராமரிக்கிற ஜேர்மன்காரர் படியேறி ஓடிவந்தார். வந்தவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், நேரே இவருக்கு முன்னால் போய் நின்றுகொண்டு என்ன செய்தாய் என்று கேட்டார். இவர் எனக்கு அடித்துவிட்டார் என்று நினைத்திருக்கிறார்.

இவர் தனக்குத் தெரிந்த ஜேர்மன் சொற்களைக் கூட்டி, மனைவியின் சகோதரி, யுத்தம், இறந்துபோனா என்று சொன்னார். அந்த மனிதருக்கு முகம் மாறிவிட்டது. இரண்டு பேருக்கும் கை கொடுத்து அனுதாபம் சொன்னார். சொல்லிவிட்டு, மற்ற அறைகளிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள், கொஞ்சம் மெதுவாக என்று கையால் காட்டினார். அதில் பிழை சொல்ல ஒன்றுமில்லை. நான் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். ஒப்பு என்பது தலையணைக்குள் சொல்லக்கூடியது இல்லை.

அடுத்த நாள் காலையில், இவர் குளிக்கப் போன நேரம் நான் எழும்பிப் போனேன். எங்கே போகிறேன் என்ற யோசனை இருக்கவில்லை, கால் அந்தக் கோட்டில்தான் போனது. கூரையில்லாத தேவாலயத்தில் ஒருவரும் இல்லை. சுவரோரமாக நிலத்தில் இருந்து, சத்தமாக அழுதேன். பெயர் சொல்லி அழுதேன். கவுண்டருக்குப் பின்னால் இருந்ததைச் சொல்லி, சைக்கிளில் ஏற்றியதைச் சொல்லி, கொழும்பில் பிரியும்போது என் சேலைக்கு ஊசி குத்திவிட்டதைச் சொல்லி, அவள் பெண்பிள்ளைகள் இரண்டையும் சொல்லி அழுதேன். சுவர்கள் உயரம், மேலே ஒன்றும் இல்லை. சத்தம் அப்படியே மேலே போனது.

அப்போது ஒரு சுற்றுலாக் கூட்டம் உள்ளே வந்தது. முன்னால் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வழிகாட்டிப் பெண். என்னைக் கண்டதும் நின்றுவிட்டாள். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். எனக்கு அடக்கத் தெரியவில்லை. தொடங்கிவிட்டால் இடையில் நிறுத்த முடியாத அழுகை அது. அந்த அமைதியில் ஒரு கமரா 'கிளிக்' என்றது. யாரோ ஒருவருடைய வீட்டில், சுற்றுலாப் படங்களுக்குள், இடிந்த சுவருக்குக் கீழே தலைவிரித்துக்கொண்டு அழுகிற பெண்ணாக நான் இருக்கிறேன்.

வழிகாட்டி திரும்பிப் படம் எடுத்தவரிடம் ஏதோ சொன்னாள். சுருக்கமாக, கடுமையாக. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டுத் தனியாகத் திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நிலத்திலேயே இருந்தாள். ஐம்பது வயது இருக்கும். யார் என்று கேட்டாள். சகோதரி என்றேன். யுத்தமா என்று கேட்டாள். ஆம் என்றேன். பிறகு அவள் எனக்கு விளங்கவேண்டும் என்று சொல் சொல்லாக, நிறுத்தி நிறுத்திப் பேசினாள். தான் சிறுமியாக இருந்தபோது இங்கே வந்து அழுகிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள், தன் தாயும் வருவாள், இப்போது படம் எடுக்கிறவர்கள்தான் வருகிறார்கள் என்றாள். நீ அழு என்றாள். என் முதுகில் கை வைத்தாள். வெளியே அவளுடைய கூட்டம் காத்துக்கொண்டு நின்றது. மற்றப் பக்கத்து வாசலால் இவர் என்னைத் தேடிக்கொண்டு மூச்சிரைக்க வரும்வரைக்கும் அவள் எழும்பவில்லை.

இவரோடு நான் பல நாள் பேசவில்லை. அக்கா செத்த துக்கத்தோடு, செத்தது தெரியாமல் நான் சேலை கட்டிச் சிரித்துக்கொண்டு திரிந்த வெட்கமும் சேர்ந்துகொண்டது. ஊரெல்லாம் தெரிய, கூடவந்த மனுஷனுக்கும் தெரிய, எனக்கு மட்டும் தெரியாமல் ஒரு நாள். அந்த நாளை நினைக்க உடம்பு எரிந்தது. ஒருநாள் உடுப்புத் தோய்க்கிற இடத்தில் வைத்து, ஏன் அப்படிச் செய்தனீங்கள் என்று கேட்டேன். அறையில் சொல்ல முடியவில்லை, அந்தக் குடும்பம் இருக்கிறது, நீர் அழவும் இடமில்லை என்று சொன்னார். வெளியே கூட்டிப்போய்ச் சொல்வோம் என்றுதான் வெளிக்கிட்டாராம். தேவாலயத்தில் சொல்ல நினைத்தாராம், பிள்ளைகள் வந்துவிட்டார்கள். மண்டபத்தில் சொல்ல நினைத்தாராம், நான் அக்காவின் கேள்வியைச் சொன்னேன்.

"பிறகு லிப்டுக்குள்ளை நீர் சிரிச்சீர்" என்றார். "வந்த நாள் தொட்டு நீர் சிரிச்சதை நான் காணேல்லை. ஒரு பகல் எண்டாலும் உமக்கு இருக்கட்டும் எண்டு விட்டிட்டன்."

நான் அதை ஏற்றுக்கொள்ளவில்லை. எனக்கு வரவேண்டிய செய்தியை, நல்லதோ கெட்டதோ, வந்த உடனே என் கையில் தரவேண்டும், எத்தனை நாளைக்குச் சிரிக்கலாம் என்று நீங்கள் தீர்மானிக்க ஏலாது என்று சொன்னேன். சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். முப்பத்தோராம் நாளுக்கு ஹைம் குசினியில் எல்லாப் பெண்களும் சேர்ந்து அக்காவுக்குப் பிடித்த கறிகள் சமைத்தோம். குருக்கள் இல்லை. இவர்தான் படத்துக்கு முன்னால் விளக்கேற்றித் தேவாரம் பாடினார். கானா நாட்டுக்காரரும் ஈரானியத் தாயும் வந்து எங்களோடு நிலத்தில் இருந்து சாப்பிட்டார்கள். பராமரிப்பாளர் ஒரு பூச்சாடி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எங்கள் வாழ்க்கை மெல்ல மெல்லச் சரிவந்தது. எங்களுக்கு விசா கிடைத்தது. இவருக்கு ஒரு பட்டறையில் வேலை கிடைத்தது. ஹைமை விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு பேசக்கூடிய ஒரு சின்ன வீட்டுக்குப் போனோம். இரண்டு அறை, மாடத்தில் உடுப்புக் காயப்போடக் கொடி, எங்களுக்கென்று ஒரு ரெலிபோன்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அந்த ரெலிபோன் அடித்தது. நான்தான் எடுத்தேன். மாமா, இவருடைய தகப்பனார், காய்ச்சலில் கிடந்து இறந்துவிட்டார் என்று கொழும்பிலிருந்து சொன்னார்கள். இவர் தன்னுடைய வேலைச் சேர்ட்டுகளைக் கையால் தோய்த்து, பிழிந்து, ஒன்றைக் கொடியில் போடுவதற்காக உதறிக்கொண்டு நின்றார். ஏதோ பழைய பாட்டை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நின்றார். நான் போனை வைத்துவிட்டு நேரே மாடத்துக்குப் போய், வாசலில் நின்றபடியே சொன்னேன்.

"அப்பா மோசம்போட்டாராம்."

அவர் என்னைப் பார்த்தார். கையில் ஈரச் சேர்ட்டோடு அப்படியே நிலத்தில் இருந்தார். தண்ணீர் சொட்டி அவர் உடுத்திருந்த சாரம் நனைந்தது. கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

"இந்தச் சேர்ட்டைக் காயப்போடும் மட்டும் பொறுத்திருக்கக்கூடாதே?"

நான் பக்கத்தில் போய் இருந்தேன். அவர் சத்தமாக அழத் தொடங்கினார். கீழ்வீட்டுக்காரர் சனிக்கிழமைகளில் படுத்துறங்குகிறவர், கீழேயிருந்து தட்டுவார் என்று எனக்குத் தெரியும். நான் எழும்பிப் போய், ஒரு கதவையும் சாத்தாமல், அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்தேன்.